கான்ஃபிடென்ஷியல் மேரேஜும் எங்கள் வருமான வரி பாக்கியும்

கலிஃபோர்னியாவுக்கு வந்து, ஊரில் இன்னும் வாய் திறக்காமல், இங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் செய்துகொண்டேன்.

அலுவலக வேலை சுலபம். பாஸ்போர்ட்டோடு இரண்டு பேரும் கவுன்டி கிளார்க்கிடம் (மாவட்டப் பதிவு அலுவலகம் மாதிரி) போனால் போதும். கல்யாண லைசென்ஸ் இரண்டு வகை: பதிவு எல்லோருக்கும் திறந்திருக்கும் பப்ளிக், பதிவு ரகசியமாக இருக்கும் கான்ஃபிடென்ஷியல். பப்ளிக் லைசென்ஸுக்கு ஒரு சாட்சியாவது வேண்டும். கான்ஃபிடென்ஷியலுக்குச் சாட்சியே வேண்டாம். இருவருக்கும் 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஏற்கெனவே கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். 90 நாளுக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும். சான்றிதழ் நகல் உங்கள் இருவருக்கு மட்டும்தான் கிடைக்கும், மற்றவர்களுக்கு கோர்ட் உத்தரவு வேண்டும். கிரீன் கார்டுக்கும் இது செல்லும். இரண்டு மூன்று நகல் அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரி பாக்கி இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பாக்கி இருந்தாலும் கல்யாணம் நிற்காது. நான் ஏமாந்தது இங்கேதான்.

என் கணவர் 2019-இல் 1099-இல், அதாவது வரி பிடிக்காமல் பணம் தரும் கான்ட்ராக்டில், வேலை பார்த்து வரியைக் கட்டாமல் விட்டிருந்தார். என்னிடம் மறைக்கவில்லை. "மாசா மாசம் தவணை கட்டிட்டுத்தானே இருக்கேன்" என்றார். ஊரில் நகைக்கடன் தவணை ஒழுங்காகப் போனால் பேங்க்காரன் வேறெதிலும் கை வைக்க மாட்டான் இல்லையா, அதே நினைப்பில் இருந்துவிட்டேன். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க மத்திய வருமான வரித் துறை) அப்படியில்லை. தவணை ஒழுங்காகப் போனாலும், வருகிற ரீஃபண்டை, அதாவது கூடுதலாகப் பிடித்ததில் திரும்பி வரவேண்டிய வரியை, பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும்.

டிசம்பர் கடைசி வாரத்தில் கல்யாணம். டிசம்பர் 31 அன்று மணமானவர் என்றால் அந்த வருஷம் முழுக்க மணமானவர்தான். வரி போட்டுக் கொடுத்தவர் நம்ம ஆள், "ஜாயின்ட்டா போட்டா லாபம்" என்றார், இருவருக்கும் சேர்த்து ஒரே ரிட்டர்ன். பாக்கி உண்டா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மார்ச்சில் ஜன்னல் வைத்த கவர் வந்தது: சி.பி. 49, ரீஃபண்டைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொண்டோம் என்ற ஐ.ஆர்.எஸ். கடிதம். 4,180 டாலர் ரீஃபண்ட், பெரும்பாலும் என் சம்பளத்தில் பிடித்தது, அப்படியே 2019 கணக்குக்குப் போயிருந்தது. அந்தப் பணத்தில்தான் டிக்கெட் போட்டு அம்மாவைப் பார்க்கப் போவதாக இருந்தேன்.

இப்படி ஆனால், துணைவரின் பாக்கிக்குப் போன ரீஃபண்டில் நம் பங்கைத் திருப்பிக் கேட்க 8379 படிவம் போடலாம். ரிட்டர்னோடு சேர்த்தே அனுப்பியிருந்தால் அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் கலிஃபோர்னியா சமுதாயச் சொத்து மாநிலம், அதாவது கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது பொதுவாக இருவருக்கும் சமபங்கு. எவ்வளவு திரும்பும் என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். எனக்கு ஒரு பங்குதான் வந்தது. 8857 என்ற படிவம் வேறு, அது ஜாயின்ட் ரிட்டர்னிலேயே துணைவர் தப்பு செய்திருந்தால். தனித்தனியாகப் போட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். மணமான பிறகு வந்த வருமானத்தில் ஆளுக்குப் பாதி காட்ட வேண்டும், அதற்கு 8958 படிவம்.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். கல்யாணமான வாரமே ஜாயின்ட் அக்கவுன்ட் திறந்து சம்பளத்தை அதில் போடச் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தைய கடனுக்காக உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாமலிருக்க, இந்த மாநிலக் குடும்பச் சட்டம் பிரிவு 911 ஒரு வழி தருகிறது: சம்பளம் துணைவர் எடுக்க முடியாத தனிக் கணக்கில், மற்ற பொதுப் பணத்தோடு கலக்காமல் இருக்க வேண்டும். கலந்தால் போச்சு. ஐ.ஆர்.எஸ். பாக்கிக்கு இதை முழுக் காப்பு என்று நம்பிவிடாதீர்கள். ப்ரீநப் (கல்யாணத்துக்கு முன் சொத்து, கடன் பற்றிப் போடும் ஒப்பந்தம்) எழுதுவதானால் இறுதி வடிவம் கைக்கு வந்து 7 நாள் கழித்துத்தான் கையெழுத்து, கடைசி நிமிஷத்தில் ஓடாதீர்கள். வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

லைசென்ஸ் வாங்கும் முன், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஐ.ஆர்.எஸ். கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் டிரான்ஸ்கிரிப்ட் (அந்த வருஷ வரிக் கணக்கின் பதிவு) பாருங்கள். தாக்கலே செய்யாத வருஷம் இருந்தால் அதுதான் பெரிய ஆபத்து, அந்த வருஷ வரியை ஐ.ஆர்.எஸ். விதிப்பதற்கான காலக்கெடுவே ஓடாது. மாநில வரி தனி, அதையும் பாருங்கள். வெட்கப்பட என்ன இருக்கிறது? நம் ஊரில் மாமா மாப்பிள்ளை தெருவுக்கே போய் மளிகைக் கடையில் விசாரிப்பார்.

போன மாதம் ஒருவழியாக அம்மாவிடம் சொன்னேன். அரை மணி நேரம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு முதல் கேள்வி: "பையனுக்குக் கடன் கிடன் ஒண்ணும் இல்லையேடி?"

போனை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.