வண்டு துளைத்த மரக்கழலையைக் கடைவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேம்பு, புளி, முதிரை போன்ற மரங்களின் அடியில் வீங்கித் திரளும் கழலைக்குள் இழை நேராக ஓடாது. சுழன்று, கண் கண்ணாக மடிந்து கிடக்கும். கடைந்த கிண்ணத்துக்கு அழகு தருவது இந்தச் சுழிதான். வண்டு துளைத்துவிட்டது என்பதற்காக அதை அடுப்புக்குக் கொடுக்காதீர்கள். துளையோடும் கடையலாம். எது துளைத்தது, அது இன்னும் உள்ளே இருக்கிறதா, மிச்ச மரம் எவ்வளவு உறுதி என்று பார்க்காமல் கடைசல் மெசினில் ஏற்றுவதுதான் பிழை.

முதல் தவறு, எல்லாத் துளையையும் ஒன்றாக எண்ணுவது. 1 முதல் 2 மில்லிமீற்றர் அகல வட்டத் துளையிலிருந்து அரித்த அரிசிமாப் போல நுண்தூள் கொட்டினால் அது உளுவண்டு. வைரத்துக்கு வெளியே உள்ள வெளிற்றுப் பகுதியின் மாச்சத்துத்தான் அதற்கு இரை. காய்ந்த மரத்திலும் வாழும் என்பதால், மெருகேற்றி அலுமாரியில் வைத்த கிண்ணத்திலிருந்தும் மாதங்கள் கழித்து வெளியே வரும். அதே அளவுத் துளையின் ஓரம் கறுத்து, தூளும் இல்லாவிட்டால் அது பச்சை மரத்தில் பூஞ்சணம் வளர்த்து உண்ணும் வண்டின் வேலை. மரம் காயக் காய அதற்குப் பிழைப்பில்லை. அந்தக் கறுப்புக் கோடுகள் கிண்ணத்துக்கு நல்ல அலங்காரம். சின்னவிரல் நுழையும் நீள்வட்டத் துளையென்றால் உள்ளே நீண்ட குடைவு இருக்கும். மண் பூசிய குடைவு கறையானுடையது. சுத்தியலால் தட்டுங்கள், 'டொப்' என்று செத்த சத்தம் வரும் பகுதியை வெட்டி எறியுங்கள்.

துண்டைத் தூரிகையால் துடைத்து, கறுப்புத் துணியின்மேல் மூன்று கிழமை வையுங்கள். புதுத்தூள் விழுந்தால் உயிர் இருக்கிறது. விழாவிட்டாலும் புழு உள்ளே உறங்கலாம். ஆகவே சூடேற்றுவதைத் தவிர்க்க வேண்டாம்.

வெயிலில் போட்டால் போதும் என்பது பலரும் விடும் தவறு. மேற்பரப்பு சுடும், நடுப்பகுதி சுடாது. போதாக்குறைக்கு மரமும் வெடிக்கும். ஏற்றுமதி மரப்பெட்டிகளுக்கான சர்வதேச விதி, மரத்தின் நடுவே 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. பட்டறையில் அதற்கு எளிய வழி அவிப்பதுதான். கழலையைப் பச்சையாகவே பருமனாகக் கடையுங்கள். சுவர்ப் பருமன் விட்டத்தில் பத்திலொரு பங்கு, அதாவது 10 அங்குலக் கிண்ணத்துக்கு 1 அங்குலம். அதைக் கிடாரத்தில் நீர் மூட அமிழ்த்தி, பருமனில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மணிநேரம் கொதிக்க விடுங்கள். பிறகு கடதாசிப் பையில் சுற்றி நிழலில் வையுங்கள். சோளகக் காற்று நேரே அடிக்கும் தாழ்வாரம் உதவாது. கிழமைக்கொரு தடவை நிறுத்துப் பார்த்து, நிறை குறைவது நின்றபின்தான் இறுதிக் கடைசல். மண்ணெண்ணெய், கழிவு ஒயில் பூசுவது வேண்டாம். அவை ஆழத்துக்கு இறங்குவதில்லை. பிறகு பசையும் மெருகும் பிடிக்காது.

இலங்கையின் வன்னிப் பகுதியில் வெட்டிய மரத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2009 வரை போர் நடந்த மண் இது. ஷெல் துண்டும் சன்னமும் முட்கம்பி ஆணியும் பட்டைக்குள் மூடிக் கிடக்கலாம். சில வேளை அந்தக் காயம் ஆறிய வீக்கமே கழலை போலத் தோன்றும். காந்தம் மேலோட்டமாகத்தான் பிடிக்கும்; உலோகம் காட்டும் கருவியால் முழுவதும் தடவுங்கள். வெட்டுமுகத்தில் நீலக் கறுப்புக் கறை தெரிந்தால் இரும்பு அருகில் இருக்கக்கூடும். முழு வெடிபொருள் போல ஏதும் தெரிந்தால் கைவைக்காமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள். வேர்க்கழலைக்காக, கண்ணிவெடி அகற்றாத காணியில் மண்வெட்டி போட வேண்டாம்.

மரத்தை மெசினில் பூட்டுவதிலும் பிழை விடுகிறார்கள். உளுத்த பக்கத்தைச் சக்கில் (துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடியில்) கவ்வ வைத்தால் அது பிய்ந்து பறக்கும். வைரம் பாய்ந்த பக்கத்தில் மெசினின் இரும்புத் தட்டை வைத்து, ஸ்குரூ ஆணி குறைந்தது 1 அங்குலம் இறங்கப் பூட்டி, மெசினின் எதிர்முனையாலும் அழுத்துங்கள். 10 அங்குலத் துண்டை நிமிடத்துக்கு 400 சுற்றுக்கு மேல் தொடங்காதீர்கள். துண்டு சமநிலைக்கு வந்தபின் 700 வரை ஏற்றலாம். முகம் முழுவதையும் மூடும் தெளிந்த கவசம் கட்டாயம். மெசினைப் போடும்போது துண்டுக்கு நேரே நிற்கக் கூடாது. அடிக்கடி நிறுத்தி, புதிதாகத் திறந்த குடைவுகளைப் பாருங்கள். மழுங்கிய உளி இழையைக் கிழிக்கும். கழலையில் இழை எல்லாத் திசையிலும் ஓடுவதால் அரத்தாளால் அந்தக் கிழிவை எளிதில் தேய்த்து மறைக்க முடியாது.

துளை அடைப்பதெல்லாம் காய்ந்த பிறகே. ஈர மரத்தில் எப்பொக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) சரியாக ஒட்டாது. முதலில் தூளை ஊதி வெளியேற்றி, சுற்றிலும் அரக்கு மெருகைப் பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் துளைக்குள் விடும் சுப்பர் குளூ பரவிக் கறையாகும். ஆழக் குழியை ஒரே தடவையில் நிரப்பினால் காற்றுக்குமிழ் சிக்கும், பசையும் சூடேறும். இரண்டு மூன்று படையாக ஊற்றுங்கள். எல்லாத் துளையையும் அடைக்க வேண்டுமென்றில்லை. விளிம்பருகே நாலைந்தைத் திறந்தே விடுவது எங்களுக்குப் பிடித்தம்.

முதிரைத் தூள் தோலில் பட்டால் சிலருக்குக் கடி எடுத்துத் தடிக்கும். உளுத்த மரத்தின் தூளில் பூஞ்சண வித்துகளும் கலந்திருக்கும். துணிக்கட்டு போதாது, தூசி வடிகட்டும் முகமூடி அணியுங்கள். முதிரை, பாலை போன்றவற்றை ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் தேவை. கழலைதானே என்று விட்டுவிட வேண்டாம். துளை திறந்த கிண்ணம் கறிக்கும் சோற்றுக்கும் ஆகாது. தேங்கிய ஈரம் துளைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காய்ந்த பூவோ சாவிக்கொத்தோ போட்டு வையுங்கள்.