நாள் தள்ளிப்போவதற்கு முன்பே: ஃபோலிக் அமிலம் பற்றிக் கற்பிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிக்கு ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையைப் பற்றி எவ்வளவு நன்றாக விளக்கினாலும், அவர் மூன்றாம் மாதத்தில் வந்திருந்தால் அந்த மாத்திரை தடுக்கக்கூடிய முக்கியக் குறைபாடுகளுக்கான காலம் முடிந்திருக்கும். ஆகையால், கிராம சுகாதார செவிலியரோ, அங்கன்வாடிப் பணியாளரோ, மகளிர் குழுப் பொறுப்பாளரோ, இதைக் கற்பிக்க முன்வரும் யாராக இருந்தாலும், கர்ப்பிணிகளோடு நின்றுவிடாமல் கர்ப்பமாகப் போகிறவர்களையும் தேடிச் சென்று பேச வேண்டும்.

காரணத்தை விளக்க ஒரு சிறிய வாழை இலை போதும். கருவின் முதுகுப்புறத்தில் தட்டையாக இருக்கும் ஒரு படலம், இலையின் இரு ஓரங்களையும் மடித்துச் சேர்ப்பது போல மடிந்து, ஒரு குழலாக மூடிக்கொள்கிறது. நரம்புக்குழல் எனப்படும் அதிலிருந்தே மூளையும் தண்டுவடமும் உருவாகின்றன. அது சரியாக மூடுவதற்குத் துணைபுரிவதே ஃபோலிக் அமிலம். கழுத்துப் பகுதியில் தொடங்கி மேலும் கீழுமாக நடக்கும் இந்த மூடல், கரு உருவான சுமார் 28 நாள்களுக்குள் முடிந்துவிடுகிறது. மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டை ஓடும் முழுமையாக வளராது. அக்குழந்தை உயிர் பிழைப்பதில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் முதுகில் தண்டுவடப் பிளவு ஏற்படுகிறது. அந்தப் பிளவுடன் பிறக்கும் குழந்தைக்குக் கால்கள் செயலிழப்பதும், சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இல்லாமல் போவதும், தலையில் நீர் கோப்பதும் நேரலாம்.

அடுத்து, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை எடுத்து, நாள்களை அந்தப் பெண்ணையே எண்ணச் சொல்லுங்கள். 28 நாள் சுழற்சி உள்ள ஒருவருக்கு ஜனவரி 1 அன்று மாதவிடாய் வந்ததாக வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஜனவரி 15 அன்று கரு உருவாகும். ஜனவரி 29 அன்றுதான் நாள் தள்ளிப்போவது தெரியவரும். பிப்ரவரி 12 அளவில் நரம்புக்குழல் மூடி முடிந்திருக்கும். நாள் தள்ளியது தெரிந்ததற்கும் குழல் மூடுவதற்கும் இடையே இருப்பது இரண்டே வாரங்கள். இன்னும் சில நாள் பார்ப்போம் என்று காத்திருந்து, சோதித்து, மாமியாரிடம் சொல்லி, சுகாதார நிலையத்தில் பதிவு செய்வதற்குள் அவை கடந்துவிடும். தானே விரல்விட்டு எண்ணிய பெண்ணுக்கு இதை மறுபடி சொல்ல வேண்டியிருக்காது என்பதால், இந்த ஒரு பகுதிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

அளவைத் தெளிவாகச் சொல்லுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களுக்கும் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தொடங்கி முதல் 12 வாரங்கள் வரை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை இதைப் போல் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதால், அட்டையில் அச்சிட்டுள்ள அளவைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழல் குறைபாடு இருந்தவர்கள், வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மகப்பேறு மருத்துவரிடம் கர்ப்பத்திற்கு முன்பே அனுப்பிவையுங்கள். வலிப்பு மருந்தைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கர்ப்பம் இருந்த பெண்களுக்கு நாளொன்றுக்கு 4 மில்லிகிராம் கொடுத்தபோது, அக்குறைபாடு மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது.

நம் பகுதியில் இதைத் தொடங்குவதற்கு ஆடி மாதத்தைவிடப் பொருத்தமான காலம் இல்லை என்பது என் எண்ணம். உசிலம்பட்டியிலும் மேலூரிலும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் அந்த மாதத்தில், மாத்திரைக்குத் தேவையான ஒரு மாத முன்தொடக்கம் தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆடிச்சீர் கொண்டுபோகும் தாயிடம் பேசினால், மகளின் கையில் மாத்திரை கிடைப்பதை அவரே பார்த்துக்கொள்வார். மகளிர் குழுக் கூட்டங்களில் மாமியார்களையும் உட்காரவைத்துப் பேசுவது நல்லது. மாத்திரை சூடு, பிள்ளை கறுத்துவிடும், பெருத்துவிடும் என்ற பேச்சு அவர்களிடமிருந்து வந்தால் வாதிடாமல் கேட்டுக்கொண்டு, இது கீரையிலும் பயறிலும் உள்ள சத்தின் மாத்திரை வடிவமே என்றும், குழந்தையின் நிறத்தை இது மாற்றாது என்றும் விளக்குங்கள்.

அப்படியானால் கீரையே போதாதா என்று கட்டாயம் கேட்பார்கள். அரைக்கீரை, முருங்கைக்கீரை, தட்டப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றிலும் இச்சத்து உண்டு. அவற்றைத் தாராளமாக உண்ணச் சொல்லுங்கள். ஆனால் உணவிலுள்ள இச்சத்து நீரில் கரைந்து, வெப்பத்தில் பெருமளவு அழிவதோடு, மாத்திரையில் உள்ளதைவிடக் குறைவாகவே உடலில் சேர்கிறது. வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேர்ப்பது உதவும். செறிவூட்டப்பட்ட அரிசியில் கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் மட்டுமே இருப்பதால், அதுவும் மாத்திரைக்கு ஈடாகாது.

மாத்திரை எல்லாப் பிறவிக் குறைபாடுகளையும் தடுக்கும் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்தவர்களுக்குப் பரம்பரையாக வரும் குறைபாடுகளின் வாய்ப்பு சற்றுக் கூடுதல்; அதற்கு மரபியல் ஆலோசனை தேவை. 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனையும் விட்டுவிடக் கூடாது. குறைபாடுள்ள குழந்தையைப் பெற்ற தாய் கூட்டத்தில் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு வாக்கியத்தையும் பேசுங்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது, அவர்மீது பழி எதுவும் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இப்போது கர்ப்பமாக இருந்து, மாத்திரையைத் தாமதமாகத் தொடங்கியவரைப் பயமுறுத்தாதீர்கள். முதல் மூன்று மாதம் முடியாதவர் அன்றே தொடங்கட்டும். நான்காம் மாதத்திலிருந்து அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரையில் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. இரத்தசோகையைத் தடுக்க அதை 180 நாள்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். பிரசவத்திற்குப் பிறகு, புதன்கிழமைகளில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போது அதே தாயிடம் காலண்டர் கணக்கை மீண்டும் ஒருமுறை போடச் சொல்லி, அடுத்த குழந்தைக்கு எண்ணம் வரும் மாதத்திலேயே மாத்திரை கேட்டு வரும்படி சொல்லிவையுங்கள்.