ஒற்றைத் திரை தியேட்டரில் புதுப்படத்தோடு சிறப்புக் காட்சி போடுவது எப்படி?

வெள்ளிக்கிழமை புதுப்படம் இறங்கினால் ஞாயிறு இரவு வரை கூட்டம் இருக்கும். திங்கள் காலைக் காட்சிக்கு இருபது பேர் வந்தாலே அதிகம். சின்ன ஊர் தியேட்டர்கள் பலவற்றில் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. காற்று வாங்கும் அந்தக் காட்சிகளில்தான் பழைய படத்துக்கும் குழந்தைகள் படத்துக்கும் இடம் இருக்கிறது. அப்படிப் போடுவதைத்தான் சிறப்புக் காட்சி என்கிறேன். தியேட்டர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் காலிக் காட்சியைக் கண்டுபிடியுங்கள்

எந்தப் படம் போடலாம் என்று யோசிப்பதற்கு முன், கடந்த மூன்று மாத டிசிஆரை (தினசரி வசூல் அறிக்கையை) எடுத்து வையுங்கள். கிழமைவாரியாக, காட்சிவாரியாக எத்தனை டிக்கெட் போயிருக்கிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் எந்தக் காட்சி தொடர்ந்து படுத்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் செவ்வாய், புதன் காலைக் காட்சிகளாக இருக்கும்.

ஞாயிறு காலை 8 மணிக்குக் கூடுதலாக ஒன்று போட்டால் என்ன என்று ஆசை வரும். வழக்கமாக நாளுக்கு நான்கு காட்சிதான். ஐந்தாவதுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். பழகும்வரை, இருக்கிற நான்கில் ஒன்றை மாற்றிக்கொள்வதே நல்லது. புதன் காலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாது, உண்மைதான். ஓய்வுபெற்றவர்கள், இல்லத்தரசிகள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். யார் வர முடியுமோ அவர்களுக்கான படத்தைத் தேடுங்கள்.

மாதத்தையும் பாருங்கள். பொங்கல், தீபாவளி வாரங்களில் இந்தப் பேச்சே வேண்டாம். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் பெரிய படங்கள் ஒதுங்கிக்கொள்ளும். ‘கர்ணன்’ புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது 2012 மார்ச்சில். ‘கில்லி’ வந்தது 2024 ஏப்ரலில். இரண்டும் புதுப்படம் போல ஓடின.

2. புதுப்படத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள்

இதில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய படங்களுக்கு முதல் வாரம் நான்கு காட்சியும் அந்தப் படமே ஓட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதை மீறி ஒரு காட்சியைத் தூக்கினால் அடுத்த படம் கைக்கு வராது. ஆகவே படத்தை புக் செய்யும்போதே பேசிவிடுங்கள்: “சார், ரெண்டாவது வாரத்துலேர்ந்து புதன் காலைக் காட்சி மட்டும் எங்களுக்கு வேணும். மத்த மூணும் உங்க படம்தான்.” கூடவே அந்தக் காட்சியின் பழைய வசூலையும் சொல்லுங்கள். விட்டுக்கொடுப்பது எவ்வளவு சின்னத் தொகை என்று தெரிந்தால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவையுங்கள்.

3. படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது?

தமிழ்நாட்டில் படங்கள் ஏரியா வாரியாக விற்கப்படுகின்றன. மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி, கோவை, சேலம் என்று பிரிவுகள் உண்டு. பழைய படமென்றால் தயாரிப்பாளர் அந்த உரிமையை என்றோ விற்றிருப்பார். வாங்கியவரிடமிருந்து இன்னொருவருக்குப் போயிருக்கும். சில படங்களுக்கு இருவர் உரிமை கொண்டாடுவார்கள். “நம்மகிட்டதான் இருக்கு” என்று போனில் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உங்கள் ஏரியாவில் தியேட்டரில் திரையிடும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று கடிதம் கேளுங்கள். டிவிடி, யூடியூப், ஓடிடியிலிருந்து எடுத்துத் திரையிடுவது சட்டப்படி குற்றம்.

தணிக்கைச் சான்றிதழின் நகலையும் கையோடு வாங்கிவிடுங்கள். முன்பு அது பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த வரம்பு இல்லை.

4. டிசிபி, கேடிஎம்

படம் டிசிபியாக, அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பாக வரும். முழுநீளப் படமென்றால் நூறு, இருநூறு ஜிபி இருக்கும். படத்தைச் சேமித்து ஓட்டும் கணினியான சர்வரில் ஏற்றவே நேரம் பிடிக்கும். காட்சி நாளன்று காலையில் டிஸ்க்கை வாங்கி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாள் முன்னதாக வாங்கி, சர்வரில் இடம் இருக்கிறதா பார்த்து, இரவுக் காட்சி முடிந்ததும் ஏற்றச் சொல்லுங்கள்.

கேடிஎம் வராமல் படம் ஓடாது. பூட்டி அனுப்பப்படும் படத்தைத் திறக்க, உங்கள் சர்வருக்கென்றே தயாராகும் டிஜிட்டல் சாவி அது. குறிப்பிட்ட நேரத்தில் திறந்து குறிப்பிட்ட நேரத்தில் மூடிவிடும். வந்தவுடன் ஆபரேட்டரோடு உட்கார்ந்து மூன்றைச் சரிபாருங்கள்: சர்வர் எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம். இடையில் சர்வரின் மீடியா பிளாக்கை (பூட்டிய படத்தைத் திறந்து ஓட்டும் பாகத்தை) மாற்றியிருந்தால் பழைய விவரத்துக்கு வந்த சாவி வேலை செய்யாது. நேரம் இந்திய நேரப்படி சரியாக விழுகிறதா என்றும் பாருங்கள். காட்சி புதன் காலை 10.30க்கு என்றால் செவ்வாய் இரவு 10 மணியிலிருந்தே திறக்கும்படி கேளுங்கள். இரண்டாவது ஆட்டம் முடிந்தபின் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்க்க வேண்டுமே!

அப்படி ஓட்டும்போது திரையைக் கவனியுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அதை ஸ்கோப் அகலத்துக்கு இழுத்தால் முகமெல்லாம் சப்பிப்போகும். வெட்டி நிரப்பினால் தலை போய்விடும். பக்கங்களில் கறுப்பு இருக்கட்டும். பழைய மோனோ (ஒற்றைத் தட) ஒலி நடு ஸ்பீக்கரில் மட்டும் வருவதும் இயல்பானது.

5. நேரக் கணக்கு

பழைய படம் மூன்று மணி நேரம் என்று வையுங்கள். இடைவேளை 15 நிமிடம், ஸ்லைடு, விளம்பரம் 5 நிமிடம். 10.30க்குத் தொடங்கினால் 1.50க்கு முடியும். மேட்னி 2.30 என்றால் நாற்பது நிமிடம் கிடைக்கிறது. வயதானவர்கள் படி இறங்க, அரங்கைப் பெருக்க, அடுத்த கூட்டத்தை உள்ளே விட அது போதும். 11 மணிக்குத் தொடங்கினால் பத்தே நிமிடம்தான் மிஞ்சும். மேட்னி தாமதமானால் இரவு வரை எல்லாக் காட்சியும் தள்ளிப்போகும்.

6. டிக்கெட், விளம்பரம்

100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. சிறப்புக் காட்சியை நூறுக்குள் வைத்தால் பார்ப்பவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. புதுப்படத்தின் இடைவேளையில் ஸ்லைடு போடுங்கள். ஏற்கெனவே தியேட்டருக்கு வருகிறவர்களிடம் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

கிழமையும் நேரமும் மாறவே கூடாது. மாதத்தின் முதல் புதன் காலை 10.30 என்றால் அதுதான். படம் மாறலாம். புதுப்படம் எதிர்பாராமல் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்பதற்காகச் சிறப்புக் காட்சியை ரத்து செய்தால், பேருந்து பிடித்து வந்து திரும்பிப் போன அந்த அம்மா அடுத்த மாதம் வர மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரையும் வர விட மாட்டார். அந்த ஒரு காட்சி வசூலுக்காக இவர்களை இழப்பது பெரிய நஷ்டம் என்பதே என் உறுதியான கருத்து. முதல் மூன்று மாதம் நஷ்டமில்லாமல் போனாலே வெற்றி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

7. கணக்கு முடித்தல்

சிறப்புக் காட்சியின் டிசிஆரைப் புதுப்படத்தின் டிசிஆரோடு கலக்காமல், அன்றிரவே உரிமைக்காரருக்கு அனுப்புங்கள். வசூலில் அவருக்குரிய பங்குத் தொகையை அந்த வாரமே கொடுங்கள். அடுத்த படத்தின் தேதியை அந்தப் போனிலேயே கேட்டுவிடலாம்.