ஜப்பானின் கேம் சென்டர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்குச் செல்லும் பயணிகளில் பலர், காசு போட்டு ஆடும் கேம் சென்டர்களை அழிந்துபோன காலமொன்றின் காட்சிசாலையாக எண்ணிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள். அவற்றின் எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது உண்மைதான். 1980களின் நடுவில் 26,000-க்கும் மேல் இருந்த நிலையங்கள் 2019 அளவில் ஏறத்தாழ 4,000 ஆகச் சுருங்கின. வீடியோ விளையாட்டு நிறுவனமான சேகாவே 2020 இறுதியில் தன் கேம் சென்டர் தொழிலின் பெரும்பங்கை விற்றுவிட, அதன் கடைகள் இப்போது கீகோ என்ற பெயரில் நடக்கின்றன. ஆயினும் மாலை நேரத்தில் அங்கே கூடும் மாணவர்களும் அலுவலகம் முடிந்து வருபவர்களும் பழமையைத் தேடி வருபவர்கள் அல்லர்.

ஆட்டத்தின் விலை ஏறாததைக் கண்டு நிலையத்தார் கொழித்து வாழ்வதாக நினைப்பதும் தவறு. 1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ விளையாட்டு வந்தபோது கேட்ட அதே 100 யென் நாணயத்தைத்தான் பல இயந்திரங்கள் இன்றும் கேட்கின்றன. 1989இல் 3 சதவீதமாகத் தொடங்கிய நுகர்வு வரி 2019இல் 10 சதவீதமாக உயர்ந்தபோதும், காசுத் துளைக்கு 110 யென் கேட்கத் தெரியாததால், அந்தச் சுமையைக் கடைக்காரரே தாங்க வேண்டியதாயிற்று. தரைத்தளம் முழுவதையும் பொம்மை எடுக்கும் கிரேன் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

பணம் அதிகம் கரைவதும் அந்தக் கிரேன்களில்தான். பரிசைக் கவ்வித் தூக்க முயல்வதே பெரும்பாலோர் செய்யும் பிழை. இரண்டு கம்பிகளின்மேல் பாலம்போல் வைக்கப்பட்ட பெட்டியைத் தூக்கும் அளவுக்கு அந்தக் கைகளுக்குப் பிடி இருப்பதில்லை. பிடியின் வலிமையைக் கடைக்காரரே குறைத்து வைக்க முடியும். தேர்ந்தவர்கள் ஒரு கையைப் பெட்டியின் மூலையில் இறக்கி, ஒவ்வொரு முறையும் சிறிது திருப்பி, ஒருபுறம் சாய்ந்து கம்பிகளுக்கிடையே அது நழுவும்வரை பொறுமையாக நகர்த்துகிறார்கள். ஆகவே காசு போடுவதற்கு முன் மற்றவர் ஆடுவதைச் சற்று நேரம் பார்ப்பது நல்லது. சில்லறையையும் முன்னதாகவே மாற்றிக்கொள்ள வேண்டும். பாதி நகர்த்திய பெட்டியை விட்டுவிட்டு மாற்றப் போனால், திரும்புவதற்குள் வேறொருவர் அதைத் தட்டிச் சென்றிருப்பார். பெட்டி ஏடாகூடமாகச் சிக்கிக்கொண்டால் இயந்திரத்தை உலுக்காமல் ஊழியரைக் கூப்பிட வேண்டும். அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து முறையாக வைத்துத் தருவார். பரிசின் மதிப்புக்கான வரம்பு 2022இல் 800 யென்னிலிருந்து உயர்த்தப்பட்ட பின்னரும் ஏறத்தாழ 1,000 யென்தான் என்பதால், 3,000 யென் செலவழித்த பிறகும் விடாமல் ஆடுவதற்குப் பிடிவாதத்தைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது.

மேல்தளங்களில் வேறு விதமான தவறுகள் நேர்கின்றன. சண்டை விளையாட்டுகளின் இயந்திரங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பின்புறமாக இணைக்கப்பட்டிருக்கும். காலி இருக்கையென்று நம்பி அமர்ந்து காசு போட்டவுடன், மறுபுறம் முகம் தெரியாமல் ஆடிக்கொண்டிருப்பவரின் திரையில் நீங்கள் விடுத்த சவால் தோன்றும். ஒரு நிமிடத்தில் தோற்று எழ நேரும். தனியாகப் பழக விரும்புபவர் எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு உட்காரலாம். ஆனால் என்னைக் கேட்டால், வீட்டு இணையத்தில் கிடைக்காத சுவையே இந்த எதிர்பாராத மோதலில்தான் இருக்கிறது. இசை விளையாட்டுகளில் பின்னால் ஆள் காத்திருக்கும்போது தொடர்ந்து காசு போடுவது மரியாதைக் குறைவாகவே கருதப்படும்.

மெடல் எனப்படும் உலோக வில்லைகளைக் கடையில் வாங்கிப் போட்டு ஆடும் மெடல் விளையாட்டுகளைச் சூதாட்டமென்று கருதி, வென்ற மெடல்களைப் பணமாக்க வழி கேட்பவர்களும் உண்டு. சட்டப்படி அவற்றைப் பணமாகவோ பரிசாகவோ மாற்ற முடியாது. கடைக்கு வெளியே எடுத்துச் செல்லவும் கூடாது. மீந்தவற்றை அடுத்த முறைக்காகப் பல கடைகளில் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டிக்கர் புகைப்படக் கூடங்கள் உள்ள பகுதியில் பெண்கள் உடன் வராமல் ஆண்கள் மட்டுமாக நுழைவதைப் பல கடைகள் தடுப்பதால், வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுடன் செல்பவர்கள் நேரத்தையும் கவனிக்க வேண்டும்: 18 வயது நிரம்பாதவர்களுக்கு இரவு 10 மணிக்கு மேல் அனுமதியில்லை, 16 வயதுக்குட்பட்டவர்கள் தனியாக வந்தால் பல மாகாணங்களில் மாலை 6 மணிக்கே வெளியேற வேண்டியிருக்கும்.