ஏறுவது மோட்டார் பாடு, இறங்குவது நம் பாடு: ஹை-பவர் ராக்கெட் கட்டும்போது நடக்கும் தவறுகள்

அமெரிக்காவில் ஹை-பவர் ராக்கெட் பொழுதுபோக்கில் இறங்குபவர்கள் முதல் நிலைச் சான்றிதழுக்காக ஒரு ராக்கெட்டை ஏவிக் காட்ட வேண்டும். அது எத்தனை அடி போனது என்று யாரும் மதிப்பெண் போடுவதில்லை. நேராக மேலே போனதா, பாராசூட் விரிந்ததா, உடையாமல் இறங்கியதா, இன்னொரு மோட்டாரைப் போட்டால் மறுபடி பறக்குமா என்றுதான் பார்ப்பார்கள். நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி, டிரிப்போலி ராக்கெட்ரி அசோசியேஷன் என்ற இரண்டு அமைப்புகளும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

ஆனால் முதல்முறை சொந்தமாக வடிவமைப்பவரின் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். எந்த மோட்டார், எவ்வளவு உயரம், ஒலியின் வேகத்தைத் தாண்டுமா என்பதாகவே இருக்கும். 2009 ஏப்ரலில் மேரிலாந்தில் ஸ்டீவ் ஈவ்ஸ் ஏவிய ராக்கெட், நிலவுக்குப் போன சாட்டர்ன் 5-இன் சிறிய நகல், 36 அடி உயரம், ஏறத்தாழ 750 கிலோ எடை. அது போன உயரம் சுமார் 4,400 அடிதான். அதைவிட உயரம் போன சிறிய ராக்கெட்டுகள் எத்தனையோ உண்டு. அதை இன்றும் பேசுவதற்குப் பாதிக் காரணம், அவ்வளவு பெரிய பொருள் பாராசூட்டில் முழுசாகத் திரும்பி வந்தது. கம்பெனி மோட்டார் பெரும்பாலும் தன் வேலையைச் செய்துவிடும். அது அணைந்த பிறகு நடப்பதெல்லாம் கட்டியவர் கணக்கு.

பேசுவதற்கு வசதியாக ஒரு ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 4 அங்குல விட்டம், அதாவது சுமார் 102 மில்லிமீட்டர், ஃபைபர்கிளாஸ் குழாய். உள்ளே 54 மில்லிமீட்டர் மோட்டார் குழாய். மோட்டாரோடு சேர்த்து 5 கிலோ. இரண்டாம் நிலைச் சான்றிதழுக்குப் பலர் கட்டும் அளவு இது.

எழுத்தைப் பார்த்து மோட்டார் வாங்குவது

மோட்டார்களுக்கு ஆங்கில எழுத்துகளால் வகுப்பு வைத்திருக்கிறார்கள். ஓர் எழுத்து ஏறினால் மொத்தக் கணத்தாக்கின், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவின், உச்சவரம்பு இருமடங்கு ஆகும். ஹெச் 320 நியூட்டன் விநாடி வரை, ஐ 640 வரை, ஜே 1280 வரை, கே 2560 வரை. ஹெச், ஐ இரண்டும் முதல் நிலை. ஜே, கே, எல் மூன்றுக்கும் எழுத்துத் தேர்வோடு இரண்டாம் நிலை. எம்முக்கும் அதற்கு மேலும் மூன்றாம் நிலை.

எழுத்து பெரிதானால் தள்ளும் விசையும் பெரிது என்று நினைப்பது மிகச் சாதாரணமான தவறு. எழுத்துக்குப் பின்னால் வரும் எண்தான் சராசரி உந்துவிசை. ஜே350 சராசரியாக 350 நியூட்டன் தள்ளும். கே185 அதைவிடப் பெரிய வகுப்பு, ஆனால் தள்ளுவது 185 நியூட்டன். நீண்ட நேரம் மெதுவாக எரியும், அவ்வளவுதான். நம் 5 கிலோ ராக்கெட்டின் எடை 49 நியூட்டன். முதல் மோட்டாரில் உந்துவிசை எடையைப் போல ஏழு மடங்கு. இரண்டாவதில் நான்கு மடங்குகூட இல்லை. அந்த மோட்டாரே கனமானது என்பதால் உண்மையில் இன்னும் குறையும்.

குறைந்தது ஐந்து மடங்கு வேண்டும் என்று களத்தில் சொல்வதற்குக் காரணம், கிளம்பும்போது ராக்கெட்டை நேராகப் பிடித்திருக்கும் ஏவுதண்டின் நீளம். தண்டை விட்டு வெளியேறும்போது விநாடிக்கு 15 மீட்டராவது வேகம் இருந்தால்தான் வால் இறக்கைகளில் காற்று போதுமான அளவுக்குப் பிடிக்கும். 2.4 மீட்டர் தண்டில் ஏழு மடங்கு விசை அதைத் தாராளமாகக் கொடுத்துவிடும். நான்கு மடங்குக்கும் குறைவென்றால் 11 மீட்டர் சுமாருக்கே வரும். அந்த நேரத்தில் 5 மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால், ராக்கெட்டுக்கு அது 24 பாகை சாய்வில் வருகிற காற்று.

இங்கே ஒரு வார்த்தை. சான்றிதழுக்கான ஏவுதலில் அங்கீகரிக்கப்பட்ட கம்பெனி மோட்டார்தான் போட முடியும், வீட்டில் கலக்கியது செல்லாது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். பெர்குளோரேட் ரசாயனமும் யூடியூப்புமாக யாரும் மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டாம்.

கணினியில் நிலையாக இருந்த ராக்கெட்

ராக்கெட்டின் நிறை மையம் முன்னாலும், காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளியான காற்றழுத்த மையம் பின்னாலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி குழாயின் விட்டத்தில் ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு. ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் கொடுத்த கணக்குமுறையை இன்று ஓப்பன்ராக்கெட் போன்ற இலவச மென்பொருளே போட்டுத் தருகிறது. திரையில் 1.5 என்று வந்தால் நிம்மதியாகக் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

திரையில் இல்லாதது எபாக்ஸிப் பசையும் பெயின்ட்டும். இவை பெரும்பாலும் சேர்வது வால் பக்கம்தான். நிறை மையத்திலிருந்து 80 சென்டிமீட்டர் பின்னால் 150 கிராம் கூடினால், நம் ராக்கெட்டில் அந்த மையம் 23 மில்லிமீட்டர் பின்னுக்கு நகரும். 1.5 என்பது 1.3 ஆகும். இதோடு போனால் பரவாயில்லை. ஏவும் நாளில் நண்பர் ஒரு பெரிய மோட்டார் கொடுக்கிறார், 700 கிராம் அதிகம், அதுவும் வாலில். இன்னொரு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். மீதி இருப்பது விட்டத்தில் பாதிதான். கட்டி முடித்த ராக்கெட்டை, ஏற்றப்போகும் மோட்டார், பாராசூட், பேட்டரி எல்லாவற்றோடும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு மையத்தைக் கண்டுபிடிப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த எண்ணை மென்பொருளில் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள். மோட்டார் மாறினால் இதையும் திரும்பச் செய்ய வேண்டும்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாரோமன் கணக்கு காற்று ஏறக்குறைய நேராக வருகிறது என்று வைத்துக்கொள்கிறது. மேலே சொன்ன 24 பாகை மாதிரி சாய்ந்து வந்தால் குழாயின் உடம்பும் காற்றைப் பிடிக்கும், அழுத்த மையம் முன்னால் ஏறி வரும். நீளமான ஒல்லி ராக்கெட்டுகளுக்கு இது பெரிய தொல்லை. மெதுவான மோட்டாரும் குறைந்த இடைவெளியும் ஒரே நாளில் சேர்ந்துகொள்ளும்போதுதான் ராக்கெட் தண்டை விட்டதும் புரண்டு அடிக்கிறது. சரி, இறக்கையைப் பெரிதாக்கி இடைவெளியை மூன்று நான்காக வைத்துவிடலாமே என்றால், அது காற்றடிக்கும் திசையை நோக்கி மூக்கைத் திருப்பிக்கொண்டு படுத்துப் பறக்கும்.

கட்டுமானத்தில் சொல்ல அதிகமில்லை. வால் இறக்கைகளைக் குழாயின் மேலே மட்டும் ஒட்டாமல் சுவரைத் துளைத்து உள்ளே மோட்டார் குழாய்வரை கொண்டுபோய் ஒட்டுங்கள். ஃபைபர்கிளாஸை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் எபாக்ஸி பூசினால் தோல் மாதிரி உரிந்து வரும். ஐந்து நிமிட எபாக்ஸி மோட்டார் பக்கத்துச் சூட்டுக்கு இளகும், அங்கே அது வேண்டாம். மோட்டாரைப் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும் திருகு வளையத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புக் குழாய் இரண்டு பக்கமும் குறைந்தது ஒரு விட்டம் அளவுக்கு உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மடங்கும்.

இறங்கும் வழி

இனிதான் விஷயம். இந்த அளவு ராக்கெட்டில் பாராசூட்டை, மோட்டார் அணைந்து சில விநாடி கழித்து வெடிக்கும் தாமத மருந்தை மட்டும் நம்பி விரிக்காமல், காற்றழுத்தத்தை வைத்து உயரத்தை அளக்கும் ஆல்டிமீட்டரால் கருமருந்தை வெடிக்கவைத்து இரண்டு கட்டமாக விரிப்பார்கள். உச்சியில் ஒரு சிறிய பாராசூட், தரைக்கு 200 மீட்டர் இருக்கும்போது பெரியது. ஏன் இத்தனை சிரமம்? 1500 மீட்டரில் பெரிய பாராசூட்டை விரித்து விநாடிக்கு 5.5 மீட்டர் வேகத்தில் இறக்கினால் நாலரை நிமிடம் மிதக்கும். 5 மீட்டர் காற்றில் அது ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். சிறிய பாராசூட்டில் 25 மீட்டர் வேகத்தில் இறங்கி, கடைசி 200 மீட்டருக்கு மட்டும் பெரியதை விரித்தால் அரை கிலோமீட்டருக்குள் விழும்.

பெரிய பாராசூட்டின் அளவில் கண்மூடித்தனமாக விற்பனை அட்டையை நம்புவது ஒரு தவறு. எரிபொருள் தீர்ந்த பின் 4.5 கிலோ என்று வைத்துக்கொண்டால், சாதாரணத் தட்டைத் துணிக்கு இழுவைக் குணகம் (காற்றைத் தடுக்கும் திறன்) 0.75, அந்த 5.5 மீட்டர் வேகத்தில் இறங்க சுமார் 2 மீட்டர் விட்டம் வேண்டும். நல்ல குமிழ் வடிவப் பாராசூட்டுக்கு 1.5, அதில் 1.4 மீட்டரே போதும். இந்த 1.4 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு விலை குறைந்த தட்டைத் துணியை வாங்கினால் 7.8 மீட்டர் வேகத்தில் இறங்கும். காய்ந்த ஏரிப்படுகையில் அந்த வேகத்தில் முதலில் போவது வால் இறக்கை.

அடுத்தது துளைகள். ஆல்டிமீட்டர் அறைக்கு வெளிக்காற்று வர வேண்டும். பழைய கைக்கணக்கு ஒன்று இருக்கிறது: அறையின் கொள்ளளவு 100 கன அங்குலத்துக்குக் கால் அங்குலத் துளை ஒன்று. நம் அறை 20 சென்டிமீட்டர் நீளம் என்றால் ஏறத்தாழ அந்த அளவுதான். அதையே நான்காகப் பிரித்துச் சுற்றிலும் சமமாகப் போட்டால் ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டர். ஒரே பக்கம் ஒரு துளை போட்டால் அந்தப் பக்கம் காற்று மோதும்போது தப்பான உயரம் காட்டும். இரண்டு துளை எதிரெதிராகப் போட்டாலும் காற்று ஊடுருவிப் போகும். மூன்று அல்லது நான்கு நல்லது. துளைக்கு நேர் மேலே திருகுத் தலையோ வேறு புடைப்போ இருந்தால் அங்கே காற்று கலங்கும், அழுத்தக் கணக்கு கெடும்.

பாராசூட் இருக்கும் அறைக்கும் ஒரு சின்னத் துளை வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்ளுமே, அதேதான் இங்கேயும். கடல் மட்டத்தில் மூடிய அறை 1500 மீட்டர் போகும்போது உள்ளிருக்கும் காற்று மூக்குக் கூம்பை சுமார் 13 கிலோ எடை அளவுக்கு வெளியே தள்ளும். ராக்கெட் இன்னும் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே அது கழன்றால், கூம்பையும் குழாயையும் இணைக்கும் அதிர்ச்சிக் கயிறு குழாயை மேலிருந்து கீழாகக் கிழித்துவிடும். ஜிப்பர் என்று அதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தாமதமாகத் திறந்தாலும் இதே கதி: உச்சியைத் தாண்டி மூன்று விநாடி போனால் ராக்கெட் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருக்கும். கயிறு ராக்கெட்டின் நீளத்தைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருந்தால் இழுப்பின் வேகம் கொஞ்சம் தணியும். குட்டையான கயிறு எடையை மிச்சம் பிடிக்காது, ராக்கெட்டைத்தான் எடுத்துக்கொள்ளும்.

துளை இருந்தாலும் மூக்குக் கூம்பு சும்மா நிற்காது. மோட்டார் அணைந்ததும் இழுவை அதிகமான வால் பகுதி பின்தங்கும், கனமான முன்பகுதி தொடர்ந்து போகும். உச்சியில் சிறிய பாராசூட் விரியும் குலுக்கலிலும் கூம்பு கழன்று, பெரியது அங்கேயே விரிந்துவிடும். இதற்குத்தான் நைலான் திருகுகள். பறக்கும்போது பிடித்துக்கொள்ளும், கருமருந்து வெடிக்கும்போது அறுந்துவிடும். அவை அறுமா என்பதைத் தரையில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தரைச் சோதனையைச் செய்யாதவர்கள் குறைவு. அரைகுறையாகச் செய்பவர்கள்தான் அதிகம். காலிக் குழாயில், திருகு போடாமல், பாராசூட்டை மடிக்காமல் ஒருமுறை வெடிக்கவைத்துவிட்டு, “பிரிந்துவிட்டது” என்று எழுதிக்கொள்வார்கள். ஏவும் நாளில் என்னென்ன உள்ளே இருக்குமோ அத்தனையையும் அதே மாதிரி அடுக்கி, திருகுகளைப் போட்டு, தள்ளி நின்று நீண்ட கம்பி வழியாகப் பற்றவைக்க வேண்டும். முன்னாலும் நிற்கக் கூடாது, பின்னாலும் கூடாது. அப்புறம் பாராசூட்டை மாற்றினாலோ குழாய்க்குப் பெயின்ட் அடித்து இணைப்பு இறுகினாலோ அந்தச் சோதனை செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும்.

மின்னணுப் பகுதியில் தவறுகள் சில்லறையாக இருக்கும், விளைவு மொத்தமாக வரும். இரண்டு ஆல்டிமீட்டர் வைத்து இரண்டுக்கும் ஒரே பேட்டரி கொடுப்பது ஒன்று. அது இரட்டைப் பாதுகாப்பு ஆகாது. பேட்டரி, சுவிட்ச், மருந்து எல்லாமே தனித்தனியாக இருக்க வேண்டும், இரண்டாவதை ஒரு விநாடி தள்ளி வெடிக்க வைக்க வேண்டும். 9 வோல்ட் பேட்டரியின் தொப்பியை அழுத்தி மாட்டிவிட்டு அப்படியே விடுவது இன்னொன்று. ஏழு மடங்கு முடுக்கத்தில் அந்தச் சின்னப் பேட்டரி 300 கிராம் கனக்கும். கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். உச்சிக்கான கம்பியும் பெரிய பாராசூட்டுக்கான கம்பியும் இடம் மாறிப்போவது எல்லோரும் சிரிக்கும் தவறு, ஆனால் ஒவ்வொரு களத்திலும் நடக்கும். இரண்டு நிற டேப் ஒட்டினால் தீர்ந்தது. ஜிபிஎஸ் கருவியைக் கார்பன் ஃபைபர் குழாய்க்குள் வைத்தால் அலை வெளியே வராது. அழகுக்காகக் கார்பன் வாங்கியவர்கள் பிறகு கூம்பை மட்டும் ஃபைபர்கிளாஸில் மாற்றுகிறார்கள்.

ஏவும் நாள்

காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால் பாதுகாப்பு விதிப்படி ஏவக் கூடாது. தூர விதியும் உண்டு: ஜே மோட்டாருக்கு ஆட்கள் 100 அடி தள்ளி, கே என்றால் 200 அடி, எம் என்றால் 500 அடி. இவற்றைப் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். கட்டியவர் கையில் இருப்பது வரிசை. ராக்கெட்டைத் தண்டில் ஏற்றி நேராக நிறுத்திய பிறகே ஆல்டிமீட்டர்களை இயக்க வேண்டும். இரண்டின் பீப் ஒலியையும் எண்ணிக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மோட்டாருக்குள் பற்றவைப்பான். நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்ற அவசரத்தில் இந்த வரிசை மாறும், அல்லது பீப்பைக் கேட்காமலே நடந்து வந்துவிடுவார்கள். எழுதி வைத்த பட்டியலை வாய்விட்டுப் படித்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் நிலைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தரையிறங்கியதும் ஓடிப்போய்த் தூக்குவது கடைசித் தவறு. இரண்டு ஆல்டிமீட்டர் இருந்தால் ஒன்றின் மருந்து வெடிக்காமலே இருக்கலாம். குழாயின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்று நான்கு மருந்துக் குப்பிகளும் காலியா என்று முதலில் பாருங்கள். ஒன்றாவது வெடிக்காமல் இருந்தால், உயரத்தைச் சொல்லும் பீப்பைக் குறித்துக்கொள்வதற்கு முன்பே சுவிட்சை அணைத்துவிடுங்கள். உயரம் ஆல்டிமீட்டரின் நினைவில் பதிந்திருக்கும், வீட்டில் போய் எடுத்துக்கொள்ளலாம்.