சுமையோடு கொல்லிமலை ஏறி இறங்குவது எப்படி?

கொல்லிமலைக்கு நான் இரண்டு முறை சைக்கிளில் சென்றிருக்கிறேன். முதல் முறை ஏறுவதற்கு மட்டுமே தயாராகிச் சென்றேன். இறங்கும்போது 37ஆம் வளைவுக்கு அருகில் முன்சக்கரத்து டியூப் வெடித்தது. அந்தத் தவறு எங்கே தொடங்கியது என்பதைக் கண்டுபிடித்து, சைக்கிளில் சில மாற்றங்கள் செய்துகொண்டு இரண்டாம் முறை சென்றபோது மூன்று நாள் பயணமும் குறையின்றி முடிந்தது. பைகளைக் கட்டிக்கொண்டு முதன்முறையாக மலைப்பயணம் போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஞ்சர் ஒட்டவும் கியர் மாற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பாதை

நாமக்கல்லில் விடியுமுன் புறப்பட்டு, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைய வேண்டும். அதுவரை பெரும்பாலும் சமதளம்தான். காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை உண்டு. ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். அதாவது சராசரியாக 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்தும் மலைக்குப் பாதை இருக்கிறது என்றாலும், முதல்முறை செல்கிறவர்களுக்குக் காரவள்ளிப் பாதையையே பரிந்துரைப்பேன். ஏற்றம் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதும், எண்ணிட்ட பலகைகள் நமக்கு நல்ல அளவுகோலாக அமைவதும் அதற்குக் காரணம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் வாரங்களிலும், வல்வில் ஓரி விழாவுக்காக வண்டிகள் திரளும் ஆடிப் பதினெட்டை ஒட்டிய நாட்களிலும் சைக்கிளோடு போக வேண்டாம்.

கியர்க் கணக்கு

எந்த நிறுவனத்தின் சைக்கிள் என்பதைவிட, அதன் மிக இலகுவான கியர் எது என்பதே முக்கியம். பெடலோடு இணைந்த முன்பல்சக்கரங்களுள் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். பின்சக்கரத்துப் பல்சக்கரங்களுள் மிகப் பெரியதன் பற்களையும் எண்ணுங்கள். முதல் எண்ணை இரண்டாம் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் விடை ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் பயணத்தில் என்னிடம் இருந்தது 42க்கு 28, அதாவது 1.5. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்பதால், ஒரு முறை பெடலைச் சுற்றினால் சைக்கிள் 3.15 மீட்டர் முன்னே போகும். மணிக்கு 6.7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறவருக்கு அது நிமிடத்துக்கு 35 சுற்று மட்டுமே; ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் படும் பாடு சொல்லி முடியாது. இப்போது என்னிடம் இருப்பது 30க்கு 34, அதாவது 0.88. அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 60 சுற்று கிடைக்கிறது. செய்யும் வேலையின் அளவு மாறவில்லை. ஒவ்வொரு மிதியிலும் விழும் சுமைதான் குறைகிறது. மூன்று மணி நேர ஏற்றத்தில் இதுவே முழங்காலைக் காப்பாற்றுகிறது.

பின்பல்சக்கரத் தொகுதியை மட்டும் பெரிதாக மாற்றினாலே பலருக்குப் போதும். கடையில் மாற்றிய உடனே பணம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், அங்கேயே முன்னாலும் பின்னாலும் மிகப் பெரிய பல்சக்கரங்களில் செயினை ஏற்றி, பெடலைச் சுற்றிப் பாருங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்லியிருக்கிறேன்.

சுமை

என் எடை 70 கிலோ, சைக்கிள் 13 கிலோ, பைகள் 12 கிலோ, ஆக மொத்தம் 95 கிலோ. இதில் 4 கிலோவைக் குறைத்தால், அதே உழைப்பில் மூன்று மணி நேர ஏற்றத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் மிச்சமாகும். அந்த ஏழு நிமிடத்துக்காகக் கருவிகளையும் மாற்று டியூபையும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன். குறைக்க வேண்டியவை துணிமணிகளே. முதுகுப்பை வேண்டவே வேண்டாம். பின்கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகளில் எடையைச் சமமாகப் பிரித்துக் கட்டினால், வளைவுகளில் சைக்கிள் ஆடாது, முதுகும் வேர்வையில் ஊறாது. கேரியர் இரும்பாக இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. அலுமினியக் கேரியர் முறிந்தால் மலையில் வழியில்லை. இரும்பு முறிந்தால் வழியில் உள்ள எந்த வெல்டிங் பட்டறையிலும் பற்றவைத்துவிடலாம். டயர் 38 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் இருந்தால், மேலே கிராமங்களுக்கிடையே உள்ள பெயர்ந்த சாலைகளில் கை மரத்துப்போகாது.

ஏற்றம்

காரவள்ளியை ஆறரை மணிக்குள் கடந்துவிடுங்கள். முதல் பத்து வளைவுகளை, இவ்வளவு மெதுவாகவா போவது என்று நமக்கே தோன்றும் வேகத்தில் ஏற வேண்டும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நாம் உட்பக்கமாகச் செல்வோம், அங்கே ஏற்றம் திடீரென்று செங்குத்தாகும். ஆகவே வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். அழுத்தி மிதிக்கும்போது கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். பேருந்தின் ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் இடது ஓரத்தில் நின்றுவிடுங்கள். நீளமான வண்டி திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு ஹேண்டில்பாரில் தொங்கும் பை எப்போதும் உணவுப்பைதான். அதனால் ஹேண்டில்பாரில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

மலைமேல் உள்ள நாடுகள்

மேலே போய்ச் சேர்ந்ததும் பலர் ஆகாய கங்கை அருவியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் வந்தவருக்கு அதைவிடப் பெரிய செல்வம் அங்குள்ள ஊர்கள். மலைவாழ் மக்களின் ஊர்கள் இன்றும் 'நாடு' என்ற பெயரிலேயே தொகுக்கப்பட்டிருக்கின்றன: வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, தேவனூர்நாடு என்று. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை வீழ்த்தியதாக வன்பரணர் பாடிய வல்வில் ஓரியின் மலை இது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த அவன் சிலை இருக்கிறது. அங்கேயே இரண்டு இரவும் தங்கி, இரண்டாம் நாளைப் பைகள் இல்லாமல் ஊர் ஊராகச் சுற்றுவதற்கு ஒதுக்குங்கள்.

செம்மேட்டிலிருந்து அறப்பளீசுவரர் கோயில் வரையுள்ள சாலை வரைபடத்தில் சமமாகத் தோன்றும். உண்மையில் அது இறங்கி ஏறி, மீண்டும் இறங்கி ஏறும். வழிநெடுக மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும், காப்பித் தோட்டங்களும், படிப்படியாக வெட்டிய நெல்வயல்களும், மரவள்ளிக் காடுகளும் வரும். வளப்பூர்நாட்டில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றேன். உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த மூதாட்டி உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, என் சைக்கிளின் பின்பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "இத்தனை பல்லு எதுக்கு கண்ணு?" என்று கேட்டார். மேட்டில் ஏறுவதற்கு என்றேன். "நாங்க தலைச்சுமையா நடந்தே ஏறுனோம்" என்று சொல்லிவிட்டுச் சொம்பு நிறையத் தண்ணீர் தந்தார். முறத்தில் கிடந்த உமியும், அதன்கீழ் இளம் மஞ்சளாகத் தெரிந்த சாமை அரிசியும் இன்னும் என் கண்ணில் இருக்கின்றன. வேகமாகக் கடந்து போயிருந்தால் இதை இழந்திருப்பேன். இந்த ஊர்களில் வீட்டையோ மனிதரையோ படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். மறுநாள் மலையிறங்கப் போகிறவர் அன்று அங்கே போக வேண்டாம் என்பேன். படிகளில் சோர்ந்த தொடை, மறுநாள் பெடல்மேல் எழுந்து நிற்கும்போது நடுங்கும். அருவியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் பயணத்தில் இன்னொரு நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கம்: நான் தவறிய இடம்

ஏறும்போது 95 கிலோவை 1,000 மீட்டர் உயர்த்தினோம். அந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெப்பமாக மாறியே தீர வேண்டும். ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கில்தான் இறங்கும். நான் பயந்து, 70ஆம் வளைவிலிருந்தே முன்பிரேக்கை லேசாகப் பிடித்தபடி, மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் இறங்கினேன். மெதுவாகச் சென்றால் பாதுகாப்பு என்று நினைத்தேன். ஆனால் அந்த வேகத்தில் காற்றுத்தடை மிகமிகக் குறைவு. ஆகவே ஏறக்குறைய எல்லா வெப்பமும் பிரேக் கட்டைகள் பிடிக்கும் ரிம்முக்கே, அதாவது சக்கரத்தின் உலோக வளையத்துக்கே போயிற்று. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்திருந்ததால் ரிம் குளிரவும் இடைவெளி இல்லை. முதலில் ரப்பர் கருகும் வாடை வந்தது. சாலையில் சென்ற லாரியுடையது என்று நினைத்துவிட்டேன். சற்று நேரத்தில் வெடியைப் போன்ற சத்தத்தோடு முன்சக்கரம் இறங்கியது. வேகம் குறைவாக இருந்ததால் விழாமல் நின்றேன். சக்கரத்தைக் கழற்றப் போனபோது ரிம் பட்டு இரண்டு விரல்கள் சுட்டன. டியூபை வெளியே எடுத்துப் பார்த்தால், முன்பு ஒட்டியிருந்த பேட்ச் சூட்டில் இளகி, ஓட்டையைவிட்டு ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது.

இரண்டாம் முறை நான் கடைப்பிடித்த முறை இது. நேரான பகுதியில் பிரேக்கை முழுவதுமாக விட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, மார்பில் காற்றை வாங்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தொலைவுக்குள் நிற்க முடிகிற வேகத்தை எப்போதும் தாண்டக்கூடாது. வளைவுக்கு முன்பு, சைக்கிள் நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து உறுதியாகப் பிடித்து வேகத்தை நன்கு குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட வேண்டும். பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால் ரிம்முக்கு இடையிடையே காற்று கிடைக்கும். 60, 50, 40 என்று பத்து வளைவுக்கு ஒரு முறை, ஓரமாக இடமிருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ரிம்மை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்று பொரிந்தால் இன்னும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். டிஸ்க் பிரேக்காக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், சூடான தகட்டில் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளலாம்.

புறப்படுமுன் இரண்டு சக்கரங்களிலும் பேட்ச் ஒட்டாத புதிய டியூபையும், ரிம் பிரேக் என்றால் புதிய பிரேக் கட்டைகளையும் போடுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்று அடிக்காதீர்கள். சூட்டில் அழுத்தம் ஏறுவதற்கு இடம் வேண்டும். புதிதாகச் சைக்கிள் வாங்குகிறவர் என்றால், கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கையே வாங்குங்கள் என்பேன். சூடு ரிம்மையும் டியூபையும் எட்டுவதில்லை. கேபிள் அறுந்தாலும் சாதாரணக் கடையில் மாற்றிவிடலாம். எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிரேக் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பழுதானால் சேந்தமங்கலம் வரை உருட்டிக்கொண்டுதான் வர நேரும்.

கீழிருந்து ஏறிவரும் வண்டிக்கே மலைப்பாதையில் முன்னுரிமை என்பதையும் மறக்காதீர்கள்.

வாசகர்கள் கேட்டதால் சேர்த்தவை

கியர் இல்லாத சைக்கிளில் போகலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏற்றத்தில் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்; மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் ஐந்து மணி நேரம். அதற்கு மனம் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு பிரேக்குகளும் நன்றாகப் பிடிக்க வேண்டும்.

இன்னொருவர், அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து கிழக்கே அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலைக்குக் கைப்பேசி வரைபடம் வழி காட்டுகிறதே, அதில் இறங்கித் துறையூர்ப் பக்கம் போய்விடலாமா என்று கேட்டார். அது காட்டுக்குள் செல்லும் நடைவழி. பைகளோடு கூடிய சைக்கிளுக்கு அது வழியே அல்ல. ஏறிய சாலையிலேயே இறங்குங்கள்.

மூன்றாவது கேள்வி, நான் முதலில் எழுதத் தவறிய ஒன்றை வெளிக்கொணர்ந்தது. என் சொல்லைக் கேட்டு 36 பல் உள்ள பின்பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்ட ஒருவருக்கு, மலைப்பாதையில் கடைசிக் கியரைப் போட்டதும் செயின் விறைத்துப் பெடல் சுற்றாமல் நின்றுவிட்டதாம். பின்பக்கத்தில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லர் (derailleur) என்ற கருவி ஒவ்வொன்றுக்கும், அது தாங்கக்கூடிய பற்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. பழைய டிரெய்லரும் பழைய செயினும் அதற்கு எட்டவில்லை. செயினை இரண்டு கண்ணி நீட்டியும் டிரெய்லரின் மேற்சக்கரம் பற்களில் உரசினால், அத்தனை பற்களைத் தாங்கக்கூடிய, நீண்ட கையுடைய டிரெய்லராக மாற்ற வேண்டியிருக்கும். கடையிலேயே, முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரங்களில் செயினை ஏற்றிச் சுற்றிப் பாருங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.