மலைநாட்டு ரோட்டுக்கு ட்ரையத்லான் சைக்கிளை அமைப்பது எப்படி: முதலில் சீட், கடைசியில்தான் ஏரோ பார்

ட்ரையத்லான் சைக்கிள் கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் கைப்பிடியைத்தான் இறக்குகிறார்கள். படத்தில் பார்க்கிற வீரர்களின் முதுகு தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறது என்பதுதான் காரணம். அவர்கள் ஓடுவது சமதரையில். 2018இல் கொழும்பில் அயன்மேன் 70.3 என்ற ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம்) போட்டி நடந்தபோது சைக்கிள் பகுதி 90 கிலோமீற்றர். அந்த மாதிரி ரோட்டில் மணிக்கணக்காகக் குனிந்தே போகலாம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது கதை வேறு. மணிக்கு 10, 12 கிலோமீற்றர் வேகத்தில் காற்றின் தடை மிகக் குறைவு, நம் எடைதான் பெரிய சுமை. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பிரேக் வேண்டும். அந்த பிரேக்கோ முழங்கையை ஊன்றிக் குனிந்து பிடிக்கிற ஏரோ பாரில் இல்லை, கீழே இரு பக்கமும் விரிந்திருக்கிற கைப்பிடியான பேஸ் பாரில் இருக்கிறது. அதனால் நமக்குத் தேவை, குனிந்தாலும் வலிக்காத, நிமிர்ந்தாலும் பிரேக் உடனே கைக்கு வருகிற ஒரு அமைப்பு.

சாமான்கள்: 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் சாவிகள், அளவு டேப், ரசமட்டம், நூலில் கட்டிய ஒரு குண்டு, மாஸ்கிங் டேப், வீடியோ எடுக்க ஒரு போன். இதோடு, ஆணியை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கிற ஒரு சின்ன டார்க் ரென்ச் கட்டாயம் வாங்குங்கள். விலை கூடிய ஹெல்மெட்டை அடுத்த வருஷம் வாங்கலாம். கைப்பிடியைத் தாங்குகிற ஸ்டெமில், ஆணிகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் என்று எழுதியிருக்கும். கார்பன் பாகத்தைக் கை உணர்வை நம்பி இறுக்கவே கூடாது.

சைக்கிளை ட்ரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் தாங்கி) பூட்டி, முன் பின் சக்கர அச்சுகள் இரண்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று டேப் பிடித்துப் பாருங்கள். நம் வீடுகளில் முற்றம் சரிவாகத்தான் இருக்கும். தேவையான பக்கம் பலகை வைத்து மட்டமாக்குங்கள். எதையும் அசைப்பதற்கு முன் இப்போதைய அளவுகளை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

சீட் உயரம் சுலபம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். சப்பாத்து போட்டு மிதிக்கும்போது இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடினால் கொஞ்சம் இறக்குங்கள். சீட்டைத் தாங்குகிற குழாயான சீட் போஸ்டில், குறைந்தபட்சம் எவ்வளவு உள்ளே இருக்க வேண்டும் என்று காட்டும் கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தாதீர்கள்.

அடுத்து சீட்டை முன்னே தள்ள வேண்டும். குனியும்போது தொடை வயிற்றில் முட்டாமல் இருக்க இதுதான் வழி. சீட் மூக்கிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, நூலுக்கும் கிராங்க் (பெடல் பூட்டிய கை) சுழலும் அச்சின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ரோட் சைக்கிளில் மூக்கு பொதுவாக 5 சென்ரிமீற்றருக்கு மேல் பின்னால் இருக்கும். இங்கே ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் பின்னால் இருந்து தொடங்கலாம். சீட்டை 1 சென்ரிமீற்றர் முன்னே தள்ளினால் பெடலுக்கு உள்ள தூரம் 2, 3 மில்லிமீற்றர் குறைந்துவிடும். அதனால் அந்த அளவு போஸ்டை உயர்த்துங்கள். மூக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே சாயலாம். உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால் பொறுத்துக்கொண்டு ஓடாதீர்கள், மூக்கு பிளந்த சீட்டுக்கு மாறுங்கள். என் கணக்கில் அந்தச் சீட்டுக்குக் கொடுக்கிற காசு கார்பன் சக்கரத்துக்குக் கொடுப்பதைவிடப் பிரயோசனமானது.

இப்போது முழங்கை பேட், அதாவது ஏரோ பாரில் முழங்கையை ஊன்றுகிற மெத்தை. இந்த இடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேடை இறக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்டெமுக்குக் கீழே உள்ள ஸ்பேசர் வளையத்தை எடுப்பது. மற்றது, பேடை உயர்த்தி வைக்க அதற்குக் கீழே உள்ள ரைசர் துண்டை எடுப்பது. சமதரையில் ஓடுகிறவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நமக்கு இல்லை. ஸ்பேசரை எடுத்தால் பேடோடு சேர்ந்து பேஸ் பாரும் இறங்கும். அப்புறம் ரம்பொடை வளைவுகளில் பிரேக் பிடிக்கும்போது தலை கீழே, இடுப்பு மேலே என்று உடல் பாரம் முழுக்க முன் சக்கரத்தில் விழும். கழுத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்க்கவே கஷ்டம். ஆகவே ஸ்டெமைத் தொடாமல் ரைசரை மட்டும் குறையுங்கள். தொடங்கும்போது பேட், சீட் மட்டத்திலிருந்து 2, 3 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் போதும். பிறகு 5 மில்லிமீற்றராக இறக்கி, ஒவ்வொரு முறையும் சில நாள் ஓடிப் பாருங்கள்.

முழங்கைக்குச் சற்று முன்னால் உள்ள சதை பேடில் பதிய வேண்டும், எலும்பு முனை அல்ல. பக்கவாட்டு வீடியோவில் மேற்கைக்கும் உடலுக்கும் இடையில் ஏறக்குறைய 90 டிகிரி தெரிந்தால் நல்லது. தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் பேட் தூரத்தில் இருக்கிறது. கைபிடிக்கும் நீட்டல் கம்பி 10 டிகிரி அளவு மேல்நோக்கி இருந்தால் மணிக்கட்டுக்கு இதம். பேட்களை நெருக்கமாக வைக்க ஆசை வரும். மலைக்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அகலமான பிடிதான் சைக்கிளை நிலையாக வைக்கும், கொஞ்சம் விரித்தே வையுங்கள்.

எதையாவது உயர்த்தியிருந்தால் கைப்பிடியை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் கேபிள் இழுபடுகிறதா என்று பாருங்கள். முடிந்ததும் சீட் போஸ்டில் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள். மழையில் ஓடிய பிறகு போஸ்ட் இறங்கியிருந்தால் உடனே தெரியும். முதல் ஓட்டம் கிரகரி வாவி ரோட்டில், வாகனம் குறைந்த காலை நேரத்தில் இருக்கட்டும். பனிமூட்டத்திலும் இறக்கத்திலும் கை பேஸ் பாரில்தான் இருக்க வேண்டும்.

பின்சேர்ப்பு: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, சாதாரண ரோட் சைக்கிளில் கிளிப்-ஒன் பார் (தனியாகப் பூட்டும் ஏரோ பார்) பூட்டியதும் முழங்கால் வயிற்றில் இடிக்கிறது என்று எழுதியிருந்தார். தம்பி, அந்த ஃபிரேமில் சீட் குழாய் ஏறக்குறைய 73 டிகிரிதான், ட்ரையத்லான் ஃபிரேமில் 76க்கு மேல். பின்வளைவு இல்லாத நேர் போஸ்ட் போட்டு சீட்டை முன்னே கொண்டுவாருங்கள். அப்படியும் இடித்தால் கிராங்கைக் குட்டையாக்குங்கள். 172.5இலிருந்து 165 மில்லிமீற்றருக்கு மாறினால் சீட்டை 7.5 மில்லிமீற்றர் உயர்த்த மறக்க வேண்டாம். அதற்கேற்ப பேடுக்குக் கீழேயும் ஒரு ரைசர் சேர்க்க வேண்டிவரும்.